மஸ்கட் கடலில் ஒரு பசு முடிச்சு

1

என் மனைவி சரோஜமும் மகள் உமாவும் மஸ்கட்டை விட்டு ஊருக்குத் திரும்பி நான்கு மாதம் ஆகிறது. நான் இங்கேயே இருக்கிறேன். ஏன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அதனால் ஊரே சேர்ந்து எனக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. சரோஜம் கடிதத்தில் இடவாரியாகப் பிரித்து எழுதியிருக்கிறாள். எங்கள் ஊரான காரோட்டில், ரேஷன் கடை வரிசையில் எனக்கு வேலை போய்விட்டது. பாறசாலைச் சந்தையில் நான் ஒரு நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டேன். நெய்யாற்றின்கரையில் சரோஜத்தின் அண்ணன் வீட்டில் நான் ஜெயிலில் கிடக்கிறேன்.

மூன்றில் எது வேண்டும் என்று என்னைக் கேட்டால் சந்தைக் கதையைத்தான் எடுத்துக்கொள்வேன். தலையில் முடி இல்லாத, ஏணியில் இரண்டு படி ஏறினாலே கால் நடுங்குகிற நாற்பத்தேழு வயது ஸ்டோர்கீப்பருக்கு அவ்வளவு தைரியம் உண்டு என்று நம்பிய சந்தைக்கு நன்றி.

நம்ம வாசகசாலை ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டுச் செயலாளர் எழுதியிருந்தார். ஒட்டகம், பேரீச்சை, பாலைவனம் எல்லாம் வரும்படி எழுதச் சொல்லியிருந்தார். ஒட்டகத்தை நான் லாரியில் போகும்போது பார்த்ததோடு சரி. அதற்குப் பதிலாக, என் பெண்டாட்டியும் பிள்ளையும் ஏன் திரும்பி வந்தார்கள் என்பதை எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், நான் ஒரு பொய் சொன்னேன். விரிவாகச் சொன்னால், அந்தப் பொய் கடலுக்குப் போனது.

2

குவைத் சண்டை முடிந்த கையோடு நான் இங்கே வந்தேன். காலை ஐந்தரைக்கு எழுந்து, தோசை என்ற பெயரில் ஒன்றைச் சுட்டு, கம்பெனி வேனில் தூங்கி, ஸ்டோரில் விழித்து, ஆணியும் வால்வும் எடுத்துக் கொடுப்பது வேலை. குடும்பத்தைக் கூட்டி வர வேண்டுமானால் கம்பெனி மேனேஜர் ஒரு கடிதம் தர வேண்டும். எங்கள் ஊர் கேரளப் பக்கம் என்பதால், சரோஜம் என் மனைவிதான் என்பதற்கு மலையாளத்தில் ஒரு காகிதம், அதை இங்கிலீஷில் மாற்றி ஒன்று, அதை அரபியில் மாற்றி ஒன்று. மூன்றாவது மொழிக்குப் போவதற்குள் அவள் வேறு யாருக்காவது மனைவியாகிவிடுவாளோ என்று எனக்குப் பயம். எல்லாக் காகிதமும் சேர்ந்த பிறகும் மேனேஜர் கடிதம் மட்டும் வரவில்லை.

மேனேஜர் கோல்மன் என்று ஒரு வெள்ளைக்காரர். அவருக்குச் சொந்தமாக ஒரு சின்ன ஃபைபர் படகு உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் அதில் போய்த் தூண்டில் போடுவார். வயிற்றுப்பாட்டுக்கு அல்ல, விளையாட்டுக்கு. மீனைப் பிடித்து, அதோடு போட்டோ எடுத்து, பல சமயம் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவார். எனக்கு முன்னால் ஸ்டோரில் இருந்தவன் மூன்று வெள்ளிக்கிழமை அவரோடு படகில் போனான். நாலாவது வாரம் அவனுக்குக் கடிதம் கிடைத்தது என்று கேள்விப்பட்டேன்.

ஒரு நாள் கோல்மன் சுவரிலிருந்த வரைபடத்தில் எங்கள் ஊரைத் தேடினார். பென்சிலால் கடலோரத்தைத் தொட்டு, "அப்படியானால் நீ கடலில் வளர்ந்தவன்" என்றார். எங்கள் வீட்டிலிருந்து கடல் நடக்கிற தூரம்தான். ஆனால் நாங்கள் சைவப்பிள்ளைமார் குடும்பம். தாத்தா சர்க்கார் குமாஸ்தா, அப்பா சர்க்கார் குமாஸ்தா. மீன் வாசம் வந்தால் அப்பா ஜன்னலைச் சாத்துவார். நான் நீந்தக் கற்றது முழங்கால் அளவு தண்ணீர் ஓடும் கால்வாயில். அதிலும் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டுதான்.

"ஆமாம் ஐயா, கடலிலேயே வளர்ந்தேன்" என்றேன்.

3

கோல்மனின் படகை ஓட்டுபவன் லாசர். கம்பெனி டிரைவர். வெள்ளிக்கிழமையில் படகுக்காரன். பொழியூர்க் கரையில் பிறந்தவன். எங்கள் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் இருப்பது மூன்று மைலும் கொஞ்சம் தென்னையும். ஆனால் நாங்கள் பேசிக்கொண்டது மஸ்கட்டில்தான். நான் யார் என்று தெரிந்ததும் அவன் முகம் சுருங்கியது.

"எந்த வீடு? குளத்தடிப் பிள்ளைமாரு வீடா?"

"அதே."

"எனக்க அம்மை மீன் கூடையோட உங்க நடையில வந்தா உங்க அப்பன் சத்தம் போடுவாரு. அவ வரப்பு சுத்திப் போவா. மழையில வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிஞ்சது அங்கதானாக்கும்."

எனக்கு அப்போது பதினைந்து வயது இருக்கும். அந்த அம்மாள் விழுந்ததை நான் பார்த்தேன். மீன் சிதறியதைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன். அதை லாசரிடம் சொல்லவில்லை. பதிலாக ஒரு சிகரெட்டை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. அன்றிலிருந்து நாங்கள் பகை. நாட்டை விட்டு வந்தால் ஊர்க்காரன் ஊர்க்காரனைக் கட்டிப்பிடிப்பான் என்று மலர்களில் எழுதுவார்கள். நாங்கள் ஒரே லிஃப்டில் ஏறினால் இருவரும் எண்களையே பார்த்துக்கொண்டு நிற்போம்.

நான் கடலில் வளர்ந்தவன் என்று கோல்மன் சொன்னதைக் கேட்டதும் அவன் சிரித்த சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பல் தெரியாத சிரிப்பு.

4

அந்த வெள்ளிக்கிழமை நான் வீட்டிலிருந்தே மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். டாக்ஸிக்காரர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ரோட்டில் வெள்ளம் வரப்போகிறதா என்று அவருக்குக் கவலை.

படகு கரையை விட்டு நகர்ந்த பத்தாவது நிமிஷம் காலையில் தின்ற தோசை வாய் வழியே ஊருக்குப் புறப்பட்டது. கோல்மன் அன்பாகத் தண்ணீர் கொடுத்தார். லாசர் அன்பாக, இரைக்கு வெட்டிய கணவாய் மீன் துண்டுகள் இருந்த வாளியை என் மூக்குக்கு நேரே நகர்த்தி வைத்தான்.

"கடல்காரருக்கு இந்த மணம் பிடிக்குமில்லியா வேய்?"

"சும்மா இரு லாசரு."

"இரையை நீரு மாட்டும். நாலு தலைமுறையா மாட்டின கையல்லவா."

கணவாயை இரண்டு விரலால் எடுத்தேன். அது வழுக்கியது. நான் அலறினேன். என்னை ஏதோ கடித்துவிட்டது என்று கோல்மன் நினைத்தார். அப்படியே நினைக்கட்டும் என்று விரலை வாயில் வைத்துச் சப்பினேன். அதில் கணவாய் இருந்தது. சைவம் அன்றைக்கு, அந்த இடத்தில், முடிந்தது.

ஒரு பாறைத் தீவுக்குக் கொஞ்சம் தள்ளிப் படகை நிறுத்தினார்கள். கோல்மன் நங்கூரத்தைப் போட்டார். கயிற்றின் மறுமுனையைப் படகின் முன்பக்க வளையத்தில் கட்ட வேண்டும். லாசர் பின்னால் எஞ்சினருகே இருந்தான், நான் முன்னால். கோல்மன் கயிற்றை என்னிடம் நீட்டினார். நான் லாசரைப் பார்த்தேன்.

"கெட்டும்," என்றான். "உமக்கு நான் சொல்லித் தரணுமா?"

பயத்தில் இருக்கும் கை தனக்குத் தெரிந்ததைத்தான் செய்யும். என் கைக்குத் தெரிந்த முடிச்சு ஒன்றே ஒன்று. எங்கள் வீட்டுப் பசுவைத் தொழுவத்தில் கட்டும் முடிச்சு. கயிற்றை வளையத்தில் சுற்றி, ஒரு மடிப்பை மட்டும் உள்ளே சொருகி விடுவோம். பசு இழுத்தால் இறுகும். ஆனால் தொழுவத்தில் பாம்போ தீயோ வந்தால், வால்முனையைப் பிடித்து ஒரு இழுப்பு. மொத்தமும் அவிழ்ந்து பசு தப்பித்துவிடும். தொழுவத்துக்கு நல்ல முடிச்சு. ஆனால் பசு நிற்கும். அலை நிற்காது. இழுத்து விட்டு, இழுத்து விட்டு ஆட்டும்.

ஒரு மணி நேரம் கழித்துக் கோல்மனின் தூண்டில் கம்பு வில்லாய் வளைந்தது. பெரிய நெய்மீன். ரீல் கூவியது. கோல்மன் குழந்தையைப் போலக் கத்தினார். அப்போதுதான் நான் தற்செயலாக முன்பக்கம் பார்த்தேன். சொருகிய மடிப்பு வெளியே வந்துவிட்டது. கயிற்றின் நுனி வளையத்தைச் சுற்றி மெல்ல ஊர்ந்து, ஓரத்தைத் தாண்டி, தண்ணீருக்குள் போனது. சத்தமே இல்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் என்று இந்த மூன்று வருஷத்தில் பல விளக்கம் தயார் செய்திருக்கிறேன். உண்மை இதுதான்: சொன்னால் கடிதம் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். செத்தால் கடிதம் எதற்கு என்று யோசிக்கவில்லை. படகு பாறையை நோக்கி நகர்ந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே மிதவைச் சட்டையின் வாரை இறுக்கினேன். என்னுடையதை மட்டும்.

லாசர்தான் கண்டான். "அய்யோ, கயிறு எங்க?" என்று கத்தி எஞ்சினைக் கிளப்பினான். வேறு வழி இல்லை. பாறை அவ்வளவு பக்கம். மீன் அந்த நேரம் படகுக்கு அடியில் போயிற்று. நூல் எஞ்சினின் இறக்கையில் சுற்றியது. டப்பென்று அறுந்தது. கோல்மன் கம்போடு பின்பக்கமாக விழுந்தார்.

எழுந்ததும், "யார் கட்டியது?" என்று கேட்டார். கயிற்றை அவரே என்னிடம் கொடுத்திருந்தார். ஆனால் அடுத்த நொடியே கம்புப் பக்கம் திரும்பிவிட்டிருந்தார். யார் கட்டினார்கள் என்பதை அவர் பார்க்கவில்லை.

என் வலது கை எழுந்து லாசரைக் காட்டியது. பிறகு வாயும் சேர்ந்துகொண்டது. நான் கட்டப்போனேன், அவன் வாங்கித் தானே கட்டினான் என்று நல்ல இங்கிலீஷில், காற்புள்ளி அரைப்புள்ளியோடு சொன்னேன். லாசர், "நோ சார், நோ, ஹீ, ஹீ" என்றான். அவனுக்குக் கடல் உண்டு, எனக்கு இங்கிலீஷ் உண்டு. படகில் அன்று ஜெயித்தது இங்கிலீஷ்.

கரையில் இறங்கும்போது லாசர் சொன்னான். "நல்ல கையாக்கும் வேய். பத்திரமா வச்சுக்கிடும்."

5

அடுத்த வாரம் லாசரைப் படகிலிருந்து நீக்கி, பாலைவனத்தில் இருந்த சைட்டுக்குத் தண்ணீர் டாங்கர் ஓட்ட அனுப்பினார்கள். அதற்கடுத்த வாரம் எனக்குக் கடிதம் கிடைத்தது. சரோஜமும் உமாவும் வந்தார்கள்.

நல்ல வருஷங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். உமா பள்ளிக்கூடத்தில் இந்தி பிடித்தாள், தெருவில் அரபி பிடித்தாள், வீட்டில் எங்களைப் பிடிக்கவில்லை. "பப்பா, நீங்க ரெண்டு பேரும் ஏன் எப்பவும் சண்டை மாதிரிப் பேசுறீங்க?" என்பாள். நாங்கள் காரோட்டுப் பாணியில் அன்பாகப் பேசிக்கொண்டிருப்போம்.

எங்கள் ஆட்கள் வெள்ளிக்கிழமை மாலை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். நான்தான் அங்கே சிரிப்புக்காரன். என்னுடைய மிகப் பெரிய கதை படகுக் கதை. கணவாயைச் சப்பியதைச் சொல்வேன், வாந்தி எடுத்ததைச் சொல்வேன், என்னையே கிழித்துத் தொங்கவிடுவேன். கடைசியில், பொழியூரில் பிறந்தவன் ஒருவன் நங்கூரக் கயிற்றைப் பசு முடிச்சாகக் கட்டினான் என்று முடிப்பேன். கூரை பிய்த்துக்கொண்டு போகும். என்னை நானே இவ்வளவு கேலி செய்யும்போது, மற்றவனைப் பற்றிச் சொல்வது பொய்யாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? அதுதான் என் சாமர்த்தியம். அந்தக் கதையை எத்தனை வீட்டில் சொன்னேன் என்று எண்ணவில்லை. கேட்டவர்கள் லீவில் ஊருக்குப் போனார்கள். கதையும் அவர்களோடு போயிற்று.

6

போன வருஷக் கடைசியில் உமாவோடு மளிகைக் கடைக்குப் போனேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல்.

"ஓய் பிள்ளே. கத சொல்லும், கேப்போம்."

லாசர். வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டியிருந்தான்.

"லாசரு, எப்ப வந்தே?"

"லீவுக்கு ஊருக்குப் போனேன். எனக்க அண்ணனுக்க வள்ளத்தில ஏறப் போனா, ஏறாதேங்குகான். உனக்கு நங்கூரம் கெட்டத் தெரியாது, கரையில இரின்னு சொல்லுகான். எனக்க சொந்த அண்ணன். கொச்சுப் பிள்ளைக பொறத்தால வந்து மாடு மாதிரி கத்துதுவ."

"நான் சும்மா ஒரு தமாசுக்கு..."

"மதி, போதும். ஒண்ணு கேக்கேன். எங்க கரையில முழுக்க மணலு. புல்லு கெடையாது. பசுவைக் கெட்டுகதுக்கு எவன் வீட்டில தொழுவம் உண்டு? பசு முடிச்சு எவனுக்க கைக்குத் தெரியும்னு சிரிச்ச பயல்களில ஒருத்தனுக்கும் தோணல்லியே வேய்!"

முருங்கைக்காயை என் கையிலிருந்து பிடுங்கித் தட்டில் போட்டுவிட்டுப் போனான். கடைக்காரர் எடை போடட்டுமா என்று கேட்டார்.

என் பழைய காரில் உமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஊர்ப்பேச்சு மறந்திருக்கும் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

"பப்பா, நம்ம ஊர் வீட்டில பசு இருக்கா?"

"ஒரு காலத்தில இருந்தது."

"யார் கட்டுவா?"

சிவப்பு விளக்கில் நின்றிருந்தோம். பச்சை விழுந்தது. நான் கிளப்பவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள்.

சரோஜம் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"கேட்டீளா, இத்தன நாளு எனக்கு முன்னால வச்சும் அந்தக் கதையச் சொன்னீளே. நானும் பல்லக் காட்டிச் சிரிச்சேனே."

"உங்களக் கூட்டிட்டு வரத்தானே சரோஜம்..."

"எங்க தலையில வைக்காண்டாம். நாளைக்கே போய்த் தொரைகிட்டச் சொல்லணும்."

"உங்க ரெண்டு பேருக்கும் விசா புதுப்பிக்க அடுத்த மாசம் அவருக்க கடிதம் வேணும். அது கெடச்ச பொறவு சொல்லலாம்."

"கெடச்ச பொறவு நீங்க சொல்லமாட்டீங்க. உங்கள எனக்குத் தெரியாதா?"

தெரியும். அதுதான் தொல்லை.

7

மறுநாள் கோல்மன் அறைக்கு முன்னால் மூன்று தடவை நடந்தேன். மூன்றாவது தடவை அவரே கதவைத் திறந்து என்ன வேண்டும் என்று கேட்டார். பேனா தீர்ந்துவிட்டது என்றேன். பேனா கொடுத்தார். வாங்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்து, அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, அதைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அப்போது சொன்னேன். அன்றைக்குப் படகில் வந்த நல்ல இங்கிலீஷ் இப்போது வரவில்லை. "நோ சார், மீ, மீ" என்ற அளவில்தான் வந்தது.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்துத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். கத்தவில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு மீனோடு போயிருக்கும் என்றார். மேஜையில் என் புதுப்பிப்புக் கடிதம் தட்டச்சாகிக் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அதை எடுத்து இரண்டாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். "உன் வேலை இருக்கும். இது இருக்காது."

லாசரைத் திரும்பப் படகுக்கு அழைத்ததாக அறிந்தேன். "எனக்கு டாங்கர் மதி" என்று சொல்லிவிட்டானாம்.

பள்ளி முடிந்ததும் சரோஜமும் உமாவும் விமானம் ஏறினார்கள். உமா என்னிடம் கைகுலுக்கினாள். ஒன்பது வயதுப் பெண், அப்பாவிடம், கம்பெனி ஆள் மாதிரி. சரோஜம் மட்டும் தோளில் கை வைத்தாள். "சாப்பாடு ஒழுங்காச் சாப்பிடுங்க" என்றாள். கோபம் தீரவில்லை என்பது குரலில் தெரிந்தது. இப்போது உமாவை மலையாளப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாமல் சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறாளாம். இந்தச் செலவு என்னுடையது, கட்டுகிறவள் அவள்.

8

இவ்வளவும் எழுதி, இன்னும் இரண்டு தமாசு சேர்த்து மலருக்கு அனுப்பலாம் என்று வைத்திருந்தேன். நேற்று சரோஜத்தின் அடுத்த கடிதம் வந்தது. லாசர் லீவில் ஊருக்கு வந்து, எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறான். அவள் வார்த்தைக்கு வார்த்தை எழுதியிருக்கிறாள்.

"உக்காருங்க, சாயா எடுக்கேன்" என்றிருக்கிறாள் இவள்.

"சாயா குடிக்க வரல்ல. உங்க வீட்டுக்காரரு தொரைகிட்டச் சொன்னது நெசந்தானா?"

"நெசந்தான். அதுக்குத்தான் நாங்க இங்க வந்து கெடக்கோம்."

"மஸ்கட்டில சொன்னா பொழியூரில கேக்குமா? எனக்க அண்ணன் இப்பவும் வள்ளத்தில ஏத்தமாட்டேங்குகான். எழுதித் தரச் சொல்லுங்க. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில பூசை முடிஞ்ச பொறவு எல்லாரும் நிக்கும்போ நான் வாசிக்கணும்."

"வாசகசாலை மலருக்கு எழுதுகாரு. அதுல எல்லாம் வரும்."

"அதுல சிரிப்பும் வரும். அவரு சிரிப்பிலதான் எனக்க பேரு போச்சு. சிரிப்பு இல்லாம ஒரு பத்து வரி எழுதத் தெரியுமான்னு கேளுங்க."

"எழுதித் தந்தா அவர மன்னிச்சிருவீங்களா?" என்று சரோஜம் கேட்டிருக்கிறாள்.

"அது வேற காரியம். நான் அதுக்கு வந்தவனில்ல."

செயலாளர் அவர்களே, மேலே உள்ளதைப் போடுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். கீழே உள்ளதை மட்டும் தனியாக அச்சடித்து, லாசர் கேட்கிற அளவு பிரதி கொடுத்துவிடுங்கள்.

காரோடு குளத்தடி வீட்டுத் தாணுப்பிள்ளையாகிய நான் எழுதுவது. மஸ்கட்டில் மேனேஜரின் படகில் அன்று நங்கூரக் கயிற்றைக் கட்டியது நான். பொழியூர் லாசர் அந்தக் கயிற்றைத் தொடவில்லை. கயிறு அவிழ்ந்து போவதை நான் பார்த்தேன், சொல்லவில்லை. படகு பாறையில் மோதாமல் மூன்று பேரையும் காப்பாற்றியது லாசர். யார் கட்டியது என்று கேட்டபோது நான் அவரைக் கைகாட்டினேன். அவர் மறுத்தது உண்மை. நான் சொன்னது பொய். அந்தப் பொய்யை மூன்று வருடம் பல வீடுகளில் சொல்லி ஆட்களைச் சிரிக்க வைத்ததும் நான். படகில் ஏற்றத் தகாதவன் ஒருவன் அன்று அந்தப் படகில் இருந்தான். அது லாசர் அல்ல.